திரள்வதும் திரட்டுவதும்

இன்று எந்த அமைப்பின் ஆண்டறிக்கையை எடுத்துப் புரட்டினாலும் ஒரு சொல் தவறாமல் கண்ணிற்படுகிறது. ‘மக்களை அணிதிரட்டினோம்’, ‘பெண்களை அணிதிரட்டினோம்’, ‘இளைஞர்களை அணிதிரட்டத் திட்டமிட்டுள்ளோம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் அது அணிவகுத்து நிற்கிறது. நிதியுதவி கோரும் விண்ணப்பங்களிலே அதற்கென்று தனிப் பத்தியே உண்டு. அரசியல் கட்சிகளின் தீர்மானங்களில் உண்டு. அரசுத் திட்டங்களின் கையேடுகளில் உண்டு. நம் பங்குப் பேரவைகளின் குறிப்பேடுகளிலும் இப்போது உண்டு. ‘மொபிலைசேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் கண்டுகொண்ட தமிழ் இது. இதைச் சொல்லும்போது ஏதோ பெரிய விடுதலைப் பணியொன்றைச் செய்துவிட்டதான நிறைவு சொல்பவர் முகத்தில் தோன்றுகிறது.

இச்சொல்லை ஐயுற வேண்டும் என்பதே நம் வழக்கு. ஒரு சொல்லை இவ்வளவு பேர் இவ்வளவு காரியங்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறார்கள் என்றால், அதனுள்ளே யாருக்கோ வசதியான ஒன்று மறைந்திருக்கிறது என்று பொருள். அது யாருக்கு வசதி, யாருக்கு இழப்பு என்று சற்று நின்று ஆராய்வோம்.

சொல்லின் பிறப்பு

‘மொபிலிஸ்’ என்பது இலத்தீன் சொல். அசையக்கூடியது என்பது அதன் பொருள். நம் சட்டைப்பையில் கிடக்கும் ‘மொபைல்’ தொலைபேசியும் அந்த வேரில் கிளைத்ததே. அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மற்றொரு சொல் ‘மாப்’. நிலையற்ற கூட்டம் என்று பொருள்படும் இலத்தீன் தொடரை மேட்டுக்குடியினர் வெட்டிச் சுருக்கி, ஏழை மக்களை இகழ்வதற்காகப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கில் விட்ட சொல் அது. ஆக, மக்களை அசையச் செய்வதாகப் பெருமைகொள்ளும் சொல்லும், மக்களைக் கும்பல் என்று பழிக்கும் சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிரெஞ்சு மொழியின் சட்ட நடையில், அசையாச் சொத்தை அசையும் சொத்தாக ஆக்குவதற்கு இச்சொல் வழங்கியது. நிலம் என்பது ஓரிடத்தில் கிடப்பது; அதனை எடுத்துச் செல்லத்தக்க பொருளாகக் கணக்கில் மாற்றிவிடுவதே இதன் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படைத்துறை இச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் வேர் கொண்டிருந்த மனிதனைப் பிடுங்கி, எங்கு வேண்டுமானாலும் அனுப்பத்தக்க சரக்காக மாற்றும் ஏற்பாட்டுக்கு அது பெயராயிற்று. நிலத்துக்குச் செய்ததையே மனிதனுக்கும் செய்தார்கள்.

பெயர் வருவதற்கு முன்பே செயல் வந்துவிட்டது. 1793 ஆகஸ்ட் 23 அன்று பிரெஞ்சுப் புரட்சி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இளைஞர் போர்முனைக்குச் செல்ல வேண்டும். மணமானவர் ஆயுதம் வடித்து உணவு சுமக்க வேண்டும். பெண்கள் கூடாரமும் உடையும் தைத்து மருத்துவமனைகளில் பணி செய்ய வேண்டும். குழந்தைகள் பழந்துணியைப் பிரித்துக் காயக்கட்டுக்குப் பஞ்சாக்க வேண்டும். முதியோரைப் பொதுவிடங்களுக்குக் கொண்டுசென்று அமர்த்தினால் அவர்கள் வீரரை உசுப்பி அரசர் மீது வெறுப்பை ஊட்ட வேண்டும். ஒரு நாட்டில் ஒருவரும் மிச்சமில்லை. இது மக்களின் பெயரால் நடந்தது. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில், மூன்று இலட்சம் பேரைப் படைக்குச் சேர்க்கும் ஆணை வந்தபோது, வாந்தே பகுதியின் உழவர்கள் அதை ஏற்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மக்களாட்சியின் பெயரால் தங்களைத் திரட்ட வந்தவர்களுக்கு எதிராக மக்களே திரண்ட கதை அது. அக்கிளர்ச்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது.

‘இது போர் அன்று’

சொல்தானே, சொல்லில் என்ன இருக்கிறது என்பார் உண்டு. அவர்களை நாம் 1914 ஆகஸ்ட் 1-ஆம் நாளுக்கு அழைக்கிறோம்.

அன்று பிரெஞ்சு அரசு பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. அதையொட்டி நாட்டு மக்களுக்கு விடுத்த அறிக்கையில், படைதிரட்டல் என்பது போர் அன்று என்றும், இன்றைய நிலையில் மானத்தோடு கூடிய அமைதியைக் காக்க அதுவே தக்க வழி என்றும் கூறியது. இச்சொற்கள் எழுதப்பட்ட அந்நாட்டின் படைத்தலைமைக்கு உண்மை தெரியாததன்று. 1892-இலேயே பிரெஞ்சுத் தளபதி புவாதெஃபர், படைதிரட்டல் என்பது போர்ப் பிரகடனமே என்று உருசியப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தரிடம் விளக்கியிருந்தார். தாமும் அவ்வாறே புரிந்துகொள்வதாகப் பேரரசர் விடையளித்திருந்தார். ஆட்சியாளர் தமக்குள் பேசும்போது அச்சொல்லுக்கு ஒரு பொருள். மக்களிடம் பேசும்போது வேறு பொருள்.

அடுத்து நடந்ததை உலகம் அறியும். உருசியா சூலை 30 அன்று பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று செருமனி உருசியா மீதும், ஆகஸ்ட் 3 அன்று பிரான்சு மீதும் போர் தொடுத்தது. இடையே ஒரு மாலைப்பொழுதில், போர் மேற்கில் மூளாமல் தவிர்க்கலாம் என்னும் நம்பிக்கை செருமானியப் பேரரசருக்குப் பிறந்தது. படையைக் கிழக்கே திருப்புமாறு தளபதி மோல்ட்கேயிடம் கூறினார். முடியாது என்பதே விடை. ஆண்டுக்கணக்கில் வகுத்த தொடர்வண்டி அட்டவணையை ஒரே இரவில் மாற்ற இயலாதாம். இலட்சக்கணக்கான மனிதரை அசையச் செய்த ஏற்பாட்டை அதன் உடைமையாளராலேயே நிறுத்த முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பிரான்சு எண்ணிப் பார்த்தபோது இறந்துபட்ட தன் வீரர் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேல். ‘இது போர் அன்று’ என்று கேட்டுப் புறப்பட்டவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!

பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2022 செப்டம்பர் 21 அன்று உருசிய அரசு ‘பகுதிப் படைதிரட்டல்’ அறிவித்தது. மூன்று இலட்சம் பேர் அழைக்கப்படுவர் என்றார் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர். போரைப் போர் என்று சொல்வதே அங்குக் குற்றமாக்கப்பட்டிருந்த காலம் அது. ஆயினும் மக்களின் நாக்கைக் கட்ட இயலவில்லை. உருசிய மொழியில் ‘மொகிலா’ என்றால் கல்லறை. ‘மொபிலிசாட்சியா’ என்று அரசு சொன்னதில் ஓர் எழுத்தை மாற்றி ‘மொகிலிசாட்சியா’ என்றார்கள் எதிர்த்தவர்கள். கல்லறைத் திரட்டல்! அகராதிகள் சொல்லாத பொருளை ஓரெழுத்தால் சொல்லிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லை நோக்கிப் படைகள் நகர்த்தப்பட்டன. நம் நாளேடுகள் ‘எல்லையில் படைகள் குவிப்பு’ என்று எழுதின. நெல்லைக் குவிப்போம், மணலைக் குவிப்போம், மனிதரையும் குவித்தோம். 2002 அக்டோபர் வரை நீடித்த அந்த ஏற்பாட்டில், போரே மூளாத நிலையில், கண்ணிவெடிகளாலும் பிற விபத்துகளாலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் உயிரிழந்தனர். குவித்தல் என்னும் சொல்லில் அவர்கள் முகம் எங்கே இருக்கிறது?

விலகி நிற்கும் உரிமை

நாட்டைக் காக்கப் படை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், திரட்டுவோனுக்கு ஒரு எல்லை உண்டு. இணைச்சட்ட நூலின் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். போருக்குப் புறப்படும் முன் அலுவலர் மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கே வரிசையாக உள்ளன. புது வீடு கட்டி இன்னும் குடிபுகாதவன் திரும்பிப் போகலாம். திராட்சைத் தோட்டம் நட்டு இன்னும் அதன் பயனைத் துய்க்காதவன் போகலாம். பெண்ணை மண ஒப்பந்தம் செய்து இன்னும் மணவாதவன் போகலாம். அஞ்சுகிறவனும் போகலாம். அச்சத்தைக்கூட ஒரு காரணமாக ஏற்ற சட்டம் அது! வீடு, வயல், மனைவி என்று மனிதனுக்கு வேர் உண்டு என்பதை அது மறக்கவில்லை. அவனை அசையும் சொத்தாக அது எழுதிக்கொள்ளவில்லை.

இந்த உரிமையை மறந்த ஒரு காலத்தில் அதனை உயிர் கொடுத்து நினைவூட்டியவர் ஆஸ்திரிய நாட்டு உழவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். இட்லரின் படைக்கு 1943-இல் அழைக்கப்பட்டபோது, அந்தப் போரில் ஆயுதம் ஏந்தத் தம் மனச்சான்று இடம் தராது என்றார். மனைவியும் மூன்று பெண்குழந்தைகளும் உடையவர். குடும்பத்தை நினைத்துப் பணிந்து போகுமாறு அவருக்கு அறிவுரை கூறியவர்களுள் அவருடைய ஆயரும் ஒருவர். உலகமே அணிதிரண்டு நின்றபோது ஒரு மனிதர் அணியில் நிற்க மறுத்தார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சான்றின் காரணமாகப் படைக்கலம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டும் என்று எழுதிற்று. 2007 அக்டோபர் 26 அன்று யேகர்ஸ்டேட்டர் அருளாளராக உயர்த்தப்பட்டார். அணிதிரட்டலைப் புகழ்ந்து பேசும் ஒவ்வொருவரும் இந்த உழவர் முன் நின்று தம் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

தமிழ் தரும் உரைகல்

ஆங்கிலத்தில் இச்சொல்லைத் தானே அசைவதற்கும் பிறரை அசைப்பதற்கும் ஒன்றுபோல் பயன்படுத்தலாம். யார் அசைத்தது என்னும் கேள்வி அங்கே மறைந்து போகிறது. தமிழில் அது மறையாது. திரள் என்றால் தன்வினை. திரட்டு என்றால் பிறவினை. மேகம் திரளும். கடைந்தால் வெண்ணெய் திரளும். துயரம் மிகுந்தால் கண்ணீர் திரளும். எவரும் மேகத்தைத் திரட்டுவதில்லை. வரி திரட்டுவோம், நிதி திரட்டுவோம், தகவல் திரட்டுவோம். இவையெல்லாம் பொருள்கள், தமக்கென்று விருப்பம் அற்றவை.

இலக்கணத்தில் இந்தச் சொல்லின் உறவினர்களையும் பாருங்கள். மிரள் என்பதன் பிறவினை மிரட்டு. உருள் என்பதன் பிறவினை உருட்டு. புரள் என்பதன் பிறவினை புரட்டு. சுருள் என்பதன் பிறவினை சுருட்டு. மிரட்டல், உருட்டல், புரட்டு, சுருட்டல் என்று நம் மக்கள் எவற்றைக் குறிக்கிறார்கள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. திரட்டு என்னும் சொல் மட்டும் இந்தக் குடும்பத்தில் எவ்வாறோ நற்பெயரோடு உலவுகிறது. ஆனால் ஊர்ப்புறத்துப் பொதுக்கூட்டங்களைக் கண்டவர்கள் அறிவார்கள். தலைக்கு இவ்வளவு பணம், ஒரு பொட்டலம் பிரியாணி, போக வர வண்டி என்று பேசி ஏற்றிச் செல்லப்படும் ஏழைகள் வெயிலில் அமர்ந்திருக்க, மேடையிலிருப்பவர் ‘இதோ திரண்டிருக்கும் மக்கள் வெள்ளம்’ என்கிறார். திரட்டப்பட்டவரைத் திரண்டவர் என்று சொல்வது இலக்கணப் பிழை மட்டுமா? அதுவே அந்தக் கூட்டத்தின் முதற்பொய்.

கட்டட ஒப்பந்தங்களில் ‘மொபிலைசேஷன் அட்வான்ஸ்’ என்று ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன், எந்திரங்களையும் ஆட்களையும் பணியிடத்துக்குக் கொண்டுசேர்க்க ஒப்பந்தக்காரருக்கு முன்பணமாகத் தருவது அது. எந்திரமும் ஆளும் அந்தக் கணக்கில் ஒரே பத்தியில் நிற்கும். கட்சிக் கூட்டத்துக்கு வண்டி பிடிக்கும் உள்ளூர்த் தலைவர் கையில் வந்து சேர்வதும் ஏறத்தாழ அதுவே. பெயர்தான் வேறு.

யார் திரட்டினார்கள்?

இச்சொல்லின் மிகப் பெரிய தீங்கு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. மக்களைத் திரட்ட வேண்டும் என்று சொல்பவர், மக்கள் தாமாக அசையமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார். நல்லெண்ணம் கொண்ட தொண்டரும் அவ்வாறே எண்ணுகிறார். ஒடுக்க நினைக்கும் ஆட்சியாளரும் அவ்வாறே எண்ணுகிறார்.

2011-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை லூர்து அன்னை ஆலய வளாகத்தில் மீனவ மக்கள் அமர்ந்தார்கள். அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் நம் வாசகருள்ளே இருதரப்பினரும் உண்டு. நாம் காட்ட விழைவது வேறு. அந்த மக்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதற்கு முன், இவர்களை யார் திரட்டியது என்று நாடே கேட்டது. 2012 பிப்ரவரியில் வெளியான நேர்காணல் ஒன்றில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், பெரும்பாலும் அமெரிக்காவைச் சார்ந்த தொண்டு நிறுவனங்களின் பக்கம் விரல் நீட்டினார். கடலை அறிந்த மீனவனும் பீடி சுற்றும் பெண்ணும் தம் பிள்ளைகளின் நாளையைப் பற்றித் தாமே கவலைப்படக் கூடும் என்பது அதிகாரத்தின் கணக்கில் வரவே இல்லை. அவர்கள் அசைந்தார்கள் என்றால் அசைத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். அவனைப் பிடித்தால் போதும்!

இந்தக் கணக்கை அதிகாரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? ‘இத்தனை ஆயிரம் மக்களை அணிதிரட்டினோம்’ என்று அறிக்கை எழுதும் நாமும் அதில் பங்காளிகள் அல்லவா? நம் அறிக்கையில் பெருமையாக நிற்கும் அதே வாக்கியம், காவல்துறையின் குற்றப்பத்திரிகையில் சாட்சியாக நிற்கும். இரண்டு தாள்களிலும் மக்களுக்கு வாய் இல்லை.

வேதாரணியத்து மரங்கள்

‘ஏற்பாட்டாளர் இல்லாமல் எந்த இயக்கம் நடந்தது? தலைவரின்றித் திரளும் கூட்டம் கலைந்து போகாதா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைகள் நம்மிடம் ஏராளம். ஏற்பாடு வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், தலைமையும் வேண்டும். நாம் அவற்றை மறுக்கவில்லை. அவற்றின் அளவு எது என்பதே நம் கேள்வி. அதற்கு விடை நம் மண்ணிலேயே கிடைக்கிறது.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்பெடுக்கப் புறப்பட்டார். நூறே பேர்தாம். கூட்டம் சேர்ப்பது அவர் நோக்கமாயிருந்தால் ஆயிரம் பேரை அழைத்துச் சென்றிருக்கலாம். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று ஆணையிட்டார். தலைவரைப் பிடித்தால் கூட்டம் கலையும், சோற்றை நிறுத்தினால் நடை நிற்கும் என்பது திரட்டுவோரின் கணக்கு. அந்தக் கணக்கு காவிரிக் கரையில் தோற்றது. வழிநெடுகிலும் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள் என்று காவலருக்குத் தெரியவில்லை. எந்தக் குழு தீர்மானித்தது, எந்த அறிக்கையில் அது பதிவாயிற்று? வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் சவரத் தொழிலாளி, தம்முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்ததும் சவரத்தைப் பாதியில் நிறுத்திச் சிறைக்குச் சென்றார். அவரை எவரும் அணிதிரட்டவில்லை.

இராஜாஜி செய்தது என்ன? திட்டமிட்டார், நடந்தார், சிறை சென்றார். மக்கள் தம் விருப்பத்தால் வந்து சேர்வதற்கு ஓர் இடத்தை உண்டாக்கினார். தலைவனின் வேலை அங்கே முடிந்துவிட்டது. ஏப்ரல் 30 அன்று அவர் கைதான பிறகும் உப்பெடுப்பது நிற்கவில்லை. திரட்டப்பட்ட கூட்டம் திரட்டியவன் போனால் வீடு திரும்பும். திரண்ட மக்கள் அவ்வாறு திரும்புவதில்லை.

நாம் வேண்டுவது

இச்சொல்லுக்கு ஒரு நல்ல வழக்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. மருத்துவத்தில், அறுவை முடிந்து படுத்துக் கிடப்பவரை விரைவில் எழுந்து நடக்கச் செய்வதையும், இறுகிப்போன மூட்டை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்குவதையும் இதே ஆங்கிலச் சொல்லால் குறிப்பார்கள். இயன்முறை மருத்துவர் நோயாளியின் முழங்காலைத் தம் கையால் மடக்கி நீட்டுகிறார். முதல் சில நாள்கள் அசைவு அவருடையது, வலி நோயாளியுடையது. ஆனால் ஒரு நாள் அந்தக் கால் தானே மடங்கும். அன்றைக்கு மருத்துவர் தம் கையை எடுத்துவிடுகிறார். படைத்தலைவனும் அதே சொல்லைத்தான் சொல்கிறான். அவன் கையை எடுப்பதே இல்லை.

எனவே, அணிதிரட்டினோம் என்று எழுதப் பேனா எடுக்கும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: நம் கையை எடுத்த பிறகு இவர்கள் நடப்பார்களா? நடப்பார்கள் என்றால் ‘மக்கள் திரண்டார்கள்’ என்று எழுதட்டும். எழுவாயாக மக்களே நிற்கட்டும். நடக்கமாட்டார்கள் என்றால் ‘ஆள் சேர்த்தோம்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். நிதிக்கும் வைப்புத்தொகைக்கும் திரட்டல் என்னும் சொல் பொருந்தும். படைக்கும் பொருந்தும், அதன் பொருளை மறைக்காத வரையில். கூடுதல், ஒன்றிணைதல், கிளர்ந்தெழுதல், இயங்குதல் என்று மனிதருக்குரிய தன்வினைச் சொற்கள் தமிழில் குறைவின்றிக் கிடக்கின்றன.

அடுத்த மாதம் ஏதேனும் ஒரு கூட்டத்தின் அறிக்கை உங்கள் கைக்கு வரும். அதில் ‘அணிதிரட்டப்பட்டனர்’ என்னும் சொல் இருக்கக் கூடும். அதன் மேல் ஒரு கோடு இழுத்து, திரட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த மக்களுள் ஒருவரையேனும் அழைத்து, அன்று நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அந்தக் கோட்டின் மேல் எழுதுங்கள்.